ஹனோராவின் ஒற்றைக் கோப்பை

ஓரன்மோரில் பஸ் ஏறிய ஒரு பசுமாடு, ஏதென்ரி நிறுத்தம் வந்ததும் ஒழுங்காக இறங்கிப் போன கதையை ஜார்லத் சொல்லிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாலை, அயர்லாந்தின் மேற்குக் கார்க் கடலோரத்தில் ஹனோராவின் சமையலறை. கால்வேயில் காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் ஜார்லத். ஸ்டியரிங்கை விட்ட நாளிலிருந்து அவர் கைகளுக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் போனதால், பேச்சு வரும்போதெல்லாம் அவையும் கூடவே கிளம்பிவிடும். மாடு வாசற்படியில் நின்று கொம்பைத் திருப்பும் கட்டத்தில் வலது கை கொம்பாக மாறியது. கொம்பு கோப்பையைத் தொட்டது. கோப்பை கல்தரையில் விழுந்தது.

அந்த மாடு டிக்கெட் வாங்கியதா இல்லையா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

"பரவாயில்ல," என்றார் ஹனோரா. துடைப்பத்தை எடுத்துக்கொண்டே, "பரவாயில்ல," என்றார். துண்டுகளை அள்ளும்போது இன்னொரு முறையும் சொன்னார்.

மேற்குக் கார்க்கில் ஒரு பரவாயில்லை என்றால் உண்மையிலேயே பரவாயில்லை. இரண்டு என்றால் மன்னிப்புக் கேட்பது நல்லது. மூன்று என்றால் தொப்பியை எடுத்துக்கொண்டு வீடு போய்ச் சேர வேண்டியதுதான்.

ஜார்லத் போகவில்லை. அன்று காலை இரண்டு தடவை சவரம் செய்துகொண்டு வந்திருந்தார். மனைவி போன பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம் என்று இந்தப் பக்கம் குடிவந்தவர் அவர். ஹனோராவும் கணவரை இழந்தவர்தான். இரண்டு வீட்டில் இரண்டு அடுப்பு எரிவது எதற்கு என்று கேட்டுவிடத்தான் அன்று வந்திருந்தார். அவர் எதையோ கேட்கப்போகிறார் என்று தெரிந்துதானோ என்னவோ, ஹனோராவும் அலமாரியின் மேல்தட்டிலிருந்து அந்த நல்ல ஜோடிக் கோப்பைகளை இறக்கியிருந்தார். மழைக்கு முந்தின கடலின் நிறம். ஒட்டுக்கேட்பவர்போல ஒரு பக்கமாக லேசாகச் சாய்ந்திருக்கும்.

"ஹனோரா, நான் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு வந்தேன்."

"ஜோடியா இருந்தப்பவே கேட்டிருக்கலாம்ல? இப்ப ஒத்தக் கோப்பைய நடுவுல வச்சுக்கிட்டு என்ன பேச்சு? இதுக்கு ஜோடியக் கொண்டாங்க, அப்புறம் கேளுங்க."

"எங்க வாங்குனது இது?"

ஹனோரா ஜன்னலைப் பார்த்தார். "வாங்குனதில்ல," என்றார். பிறகு மிஞ்சிய கோப்பையை ஒரு துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தார். "பத்திரம். உங்களுக்குக் கை ரெண்டு இருக்கு. இது ஒண்ணுதான் இருக்கு."

மறுநாள் ஜார்லத் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அந்தக் கடலோரத்தில் ஆடுகளுக்கு அடுத்தபடியாகப் பானை வனைகிறவர்கள்தான் அதிகம். யாரோ ஒருவர் செய்ததுதானே, அவரிடமே இன்னொன்று செய்து வாங்கிவிடலாம், புதன்கிழமைக்குள் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்.

முதலில் மலாக்கி. "தீப்பிடிச்ச மதுக்கடைகிட்ட இடது பக்கம் திரும்புங்க," என்று தபால்காரர் வழி சொன்னார். அந்தக் கடை தீப்பிடித்தது தபால்காரரின் தாத்தா காலத்தில். இப்போது அங்கே புல்தான் இருக்கிறது. ஜார்லத் அந்தப் புல்லை நான்கு தடவை கடந்து போனார்.

மலாக்கியின் கொட்டகைக் கதவு மேற்கே பார்த்தது. அட்லாண்டிக் காற்று நேராகச் சக்கரத்தின் மேல் அடிப்பதால் அவர் வனைவதெல்லாம் கிழக்கே சாய்ந்திருக்கும். மலைச்சரிவில் வீடு கட்டியவர்கள் தேடி வந்து வாங்கிப் போவார்கள். அவர்கள் மேசையில் வைத்தால் நிமிர்ந்து நிற்கும்.

ஜார்லத் கோப்பையை நீட்டினார். மலாக்கி அதன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, வாங்கியதுமே கவிழ்த்தார். மண்ணில் கைவைத்தவர்கள் எல்லோரும் அப்படித்தான். பானையின் யோக்கியதை அதன் அடியில்தான் இருக்கிறது என்பது அவர்கள் கட்சி. மகளின் கல்யாண விருந்தில் சூப்புத் தட்டைக் கவிழ்த்துப் பார்த்தவர் மலாக்கி. சம்பந்தி வீட்டாரோடு இன்னும் பேச்சுவார்த்தை இல்லை.

அடியில் முத்திரை எதுவும் இல்லை. மலாக்கியின் கட்டைவிரல் அடிவளையத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து நின்றது. முகம் மாறியது.

"யாரு செஞ்சது இது?" என்று கேட்டார் ஜார்லத்.

"இதுவா?"

"இதேதான்."

"நல்ல கோப்பை."

"நல்ல கோப்பைதான். எதுல செஞ்சதுன்னு கேக்கல, யாரு செஞ்சதுன்னு கேக்கறேன்."

"மண்ணுல செஞ்சது," என்றார் மலாக்கி. "யாரு குடுத்தா உங்களுக்கு?"

"ஹனோரா."

"அவங்களேவா? அவங்க கையாலயா?" மலாக்கி மெல்ல விசிலடித்தார்.

"நீங்க இதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடுத்துட்டா என் வேலை முடிஞ்சுது."

அடுத்தவர் கால்சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொன்னதுபோல மலாக்கி இரண்டடி பின்னால் போனார். "இன்னொருத்தர் கைய நான் எப்படிய்யா மாட்டிக்கிறது? டிம்ஃப்னாவப் போய்க் கேளுங்க. நான் ஒண்ணும் சொல்லல. ஏதாச்சும் சொன்னேனா?"

"இல்லையே."

"அதான்."

டிம்ஃப்னாவின் வாசலில் கார் நிற்பதற்குள் அவர் கையில் தேநீரோடு நின்றிருந்தார். "வாங்க ஜார்லத்," என்றார். ஜார்லத் தன் பெயரை அந்த ஊரில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு தடவை மறுத்துவிட்டு மூன்றாவது தடவை தேநீரை வாங்கிக்கொள்வதுதான் மரியாதை. அதற்குக்கூட டிம்ஃப்னா இடம் கொடுக்கவில்லை, கையில் திணித்துவிட்டார்.

டிம்ஃப்னாவின் சூளை பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டை ஒட்டி இருக்கிறது. சூளை எரியும் வாரங்களில் அந்தக் கோழிகள் வெந்த முட்டைதான் இடும். ஸ்கிபரீனில் ஒரு விடுதிக்காரர் அவற்றை முன்பணம் கொடுத்து எடுத்துக்கொள்கிறார்.

அவரும் கோப்பையை வாங்கினார், கவிழ்த்தார், கட்டைவிரலால் ஒரு சுற்று. பிறகு ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதச் செஞ்ச கை செத்துப் போச்சு," என்றார்.

"அய்யோ. எப்ப?"

"செத்துப் போச்சுன்னா, செத்த மாதிரிதான்னு வச்சுக்கோங்களேன்."

"மாதிரியா?"

"நல்லா சாப்பிடறாங்க, தூங்கறாங்க. அத விடுங்க. நீங்க குடிப்பீங்களா?"

"சனிக்கிழமை ஒண்ணு ரெண்டு."

"பல்லு சொந்தப் பல்லா?"

"கீழ்வரிசை சொந்தம். ஏங்க, கோப்பை கேக்க வந்தவன்கிட்ட பல்லு எதுக்கு?"

"பல்லு இருக்கற வாயிலதான கோப்பைய வைக்கணும்? இருங்க. போய்ச் சேர்ந்த உங்க வீட்டுக்காரம்மா இப்ப இருந்தா உங்களப் பத்தி என்ன சொல்வாங்க?"

ஜார்லத் யோசித்தார். "நல்லவன்தான், ஆனா ரொம்பப் பேசுவான்னு சொல்வா."

டிம்ஃப்னா தலையை ஆட்டிக்கொண்டார். அந்தப் பதிலில் தேறிவிட்டாரா, தோற்றுவிட்டாரா என்று ஜார்லத்துக்குப் பிடிபடவில்லை. என்ன பரீட்சை என்பதே பிடிபடவில்லை. "உல்ரிக்கேகிட்டப் போங்க," என்று ஒரு சோடா ரொட்டியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டார் டிம்ஃப்னா.

ஜார்லத் காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். செய்த ஆள் செத்துவிட்டார். ஆனால் நன்றாகச் சாப்பிடுகிறார். எல்லோருக்கும் அவரைத் தெரிகிறது. யாரும் பெயர் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். ஹனோராவோ அதை விலைக்கு வாங்கவில்லை. வாங்காத கோப்பை என்றால் கொடுத்த கோப்பை. கொடுத்த கோப்பை என்றால் கொடுத்த ஆள் ஒருவன் இருக்க வேண்டும். ஜோடியாகக் கொடுத்திருக்கிறான். யோசனை இவ்வளவு தூரம் வந்ததும் ஜார்லத் சோடா ரொட்டிப் பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்தார். பிரிக்காமலே திரும்ப வைத்துவிட்டார்.

உல்ரிக்கே ஜெர்மனிக்காரர். இரண்டு வார விடுமுறைக்கு வந்தவர், மழை விட்டதும் கிளம்பலாம் என்று நாற்பது வருஷமாகக் காத்திருக்கிறார். எதையும் நேராகப் பேசுகிறவர் என்று பெயர். ஜார்லத் அதைத்தான் நம்பி வந்தார்.

உல்ரிக்கே கவிழ்த்துப் பார்த்தார். "யாரு செஞ்சதுன்னு எனக்குத் தெரியும்."

"அப்பாடா. யாரு?"

"சொல்ல மாட்டேன்."

"நீங்களுமா!"

"சத்தியம் பண்ணியிருக்கோம். மலாக்கி, டிம்ஃப்னா, நான், மூணு பேரும். பண்ணச் சொன்னவங்க அப்போ இருந்த கோபத்துல பண்ணாம வெளிய வந்திருக்க முடியாது."

ஜார்லத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அது போகட்டும். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்த ஆள் மேல ஹனோராவுக்கு இன்னமும் பிரியம் இருக்கா?"

உல்ரிக்கே சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ரொம்பப் பிரியம்," என்றார். "சில நாள் மட்டும் கோபம் வரும். கண்ணாடி பாக்கறப்ப."

கண்ணாடிக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க ஜார்லத்துக்குத் தெம்பில்லை. அவர் கிளம்பும்போது உல்ரிக்கே தன் அலமாரியிலிருந்து ஒரு கோப்பையை எடுத்துக் கொடுத்தார். "இது என்னோடது. இதுல டீ ஊத்தி ஹனோரா கையில குடுங்க. குடுத்துட்டு கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"எதுக்கு?"

"தள்ளி நில்லுங்க."

ஹனோராவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஜார்லத் ஒரு முடிவோடு இருந்தார். கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கேட்க வந்ததைக் கேட்காமலே கால்வேக்குத் திரும்பிவிட வேண்டும்.

"ஜோடி கிடைச்சுதா?" என்றார் ஹனோரா.

"கிடைக்கல. ஆனா விஷயம் தெரிஞ்சுபோச்சு. உங்க ஆளப் பத்தி."

"என் ஆளா? எந்த ஆளு?"

"இதச் செஞ்சு குடுத்த ஆளு. இன்னும் அவன் மேல பிரியம்னு உல்ரிக்கே வாயாலயே சொல்லிட்டாங்க. தப்பில்ல ஹனோரா. நல்லா வனையத் தெரிஞ்சவன். நான் பஸ்தான் ஓட்டுவேன்."

ஹனோரா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அடுப்பில் கெட்டில் சூடாக இருந்ததால் ஜார்லத் உல்ரிக்கேயின் கோப்பையில் தேநீரை ஊற்றி அவர் கையில் கொடுத்தார். தள்ளி நிற்க மறந்துவிட்டார்.

ஹனோரா கோப்பையை வாங்கினார். கவிழ்த்தார்.

தேநீர் முழுவதும் ஜார்லத்தின் இடது காலணிக்குள் போனது. ஹனோரா அதைக் கவனிக்கவே இல்லை. அவர் கட்டைவிரல் அடிவளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. "இத்தன வருஷமாச்சு, உல்ரிக்கே இன்னும் அடிய ஒழுங்கா சீவக் கத்துக்கல," என்றார். சொன்ன பிறகுதான் தன் கையைப் பார்த்தார்.

ஜார்லத் தன் காலணியைப் பார்த்தார். அந்தக் கட்டைவிரலைப் பார்த்தார். முழுச் சுமையோடு மேடேறும் பஸ்போல விஷயம் மெல்ல மெல்ல அவர் தலைக்குள் ஏறியது.

"நீங்களா?"

"நான்தான். இப்ப இல்ல. அப்ப."

ஹனோராவுக்கும் சூளை இருந்தது. தானே கட்டியது. ஒருநாள் அது வெடித்ததில் கொட்டகையின் கூரை அப்படியே எழும்பி, வளைகுடாவைத் தாண்டி, அடுத்த ஊர் நாற்சந்தியில் நேராகப் போய் உட்கார்ந்தது. பஸ்ஸுக்காக அங்கே மழையில் நின்றிருந்த ஒருவர், கேட்ட ஒரு மாதத்திலேயே நிழற்குடை வந்துவிட்டதே என்று ஊராட்சிக்கு நன்றி சொன்னார். ஊராட்சியும் மறுக்கவில்லை. பச்சை வண்ணம் அடித்துவிட்டார்கள். இன்றும் அங்கேதான் பஸ் நிற்கிறது. யாருக்கும் கீறல்கூட இல்லை. ஆனாலும் ஹனோரா அன்றோடு மண்ணைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தார். தான் வனைந்தவர் என்ற பேச்சையே இனி எடுக்கக் கூடாது என்று கூட இருந்த மூவரிடமும் சத்தியம் வாங்கிவிட்டார். மிஞ்சியது இந்த ஜோடிதான்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நீங்க எங்க வாங்குனீங்கன்னுதான கேட்டீங்க? அது போக, ஒரு கோப்பைக்காக ஒரு மனுஷன் எவ்வளவு தூரம் போறான்னு பாக்கலாம்னு தோணுச்சு."

"அப்ப ஜோடி கிடைக்காது."

"சூளையே இல்ல. எங்கேர்ந்து கிடைக்கும்?"

"அப்ப நான் கேக்க வந்தது?"

ஹனோரா எழுந்து, துணிக்குள் இருந்த அந்த ஒற்றைக் கோப்பையை எடுத்துத் தேநீர் ஊற்றி மேசை நடுவில் வைத்தார். "பாதி நீங்க குடிங்க. மீதிய நான் குடிக்கிறேன்."

"இது பதிலா?"

"ஆறிடும், குடிங்க."

ஜார்லத் கைகளை மேசைக்கு மேலே தூக்காமல் பாதியைக் குடித்தார். மீதியை ஹனோரா குடித்தார். பிறகு கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, நாளைக்கும் மழைதான் போலிருக்கிறது என்றார். ஆமாம் என்றார் ஜார்லத். கிடைத்தது சம்மதமா, வெறும் தேநீரா என்று தெரியாமல் ஈரக் காலணியோடு வீடு போய்ச் சேர்ந்தார். செவ்வாயும் புதனும் அவருக்கு அதே யோசனையாகவே போயின.

வியாழக்கிழமை பக்கத்து ஊரான பாண்ட்ரியில் இறைச்சிக் கடைக்குப் போனார். "ஆட்டு விலா ஒண்ணு போதும்," என்றார்.

கடைக்காரர் இரண்டைக் காகிதத்தில் சுற்றினார். "இனிமே ஒண்ணு எப்படிப் போதும்? மலாக்கி சொன்னாரு. ரொம்ப சந்தோஷம்."

"என்ன சொன்னாரு?"

"ஜூன் மாசம்னு சொன்னாரு."

"எந்த ஜூன்?"

கடைக்காரருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஹனோரா கல்யாணம் எந்த ஜூன்?"

"வர்ற ஜூன்தான்," என்றார் வரிசையின் கடைசியில் நின்ற அம்மாள். "டிம்ஃப்னா கேக்குக்குச் சொல்லிட்டாளே."

ஜார்லத் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, அந்த அம்மாளிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எத்தன மணிக்குன்னு ஏதாவது சொன்னாங்களா?"