பச்சைப் புள்ளி

குளிப்பாட்டுவதற்காக நஜீரைக் கட்டிலிலிருந்து தூக்கியபோது தலையணைக்கு அடியிலிருந்து டேப் நழுவி, கட்டில் கம்பியில் இடித்துக்கொண்டு தரையில் விழுந்தது. தூக்கியவர்கள் ஒரு நொடி அப்படியே நின்றுவிட்டார்கள்.

"ஒண்ணுமில்ல, நீங்க போங்க," என்று ஷாகிதா குனிந்து அதை எடுத்தாள். முந்தானையால் திரையைத் துடைத்தாள். உடையவில்லை. உடைந்திருந்தாலும் இனிமேல் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் திரையின் மேல் மூலையைப் பார்த்ததும் பல்லைக் கடித்துக்கொண்டாள். காலித் என்ற பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

காலித் அவளுடைய அண்ணன். ஒரே அண்ணன். காட்டுப்பாக்கத்தில் ஒன்பதாவது மாடியில் குடியிருக்கிறான். பூந்தமல்லியில் பஸ் ஏறினால் சில்லறை வாங்கிப் பையில் போடுவதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிடும். அந்தத் தூரத்தைக் கடந்து பெற்ற அத்தா நஜீரைப் பார்க்க அவன் கடைசியாக வந்தது நோன்புப் பெருநாளைக்கு. அன்றைக்கும் பிரியாணி சாப்பிட்ட கை காய்வதற்குள் கிளம்பிவிட்டான்.

டேப் அவன் வாங்கிக் கொடுத்ததுதான். அதை மறைக்க முடியாது. நஜீர் டிரங்க் ரோட்டில் ஆட்டோக்களுக்கு சீட் கவர் தைக்கும் கடை வைத்திருந்தவர். பொழுதுக்கும் ஆட்டோக்காரர்களோடு கத்திக் கத்திப் பேசி, சிரித்து, சண்டை போட்டுப் பழகிய தொண்டை. அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது உயிர் இருந்தது, குரல் இல்லை. காலித் டேபில் குறிப்பு எழுதும் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்து, அத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினான்.

"அத்தா, இது சிலேட்டு மாதிரி. நீங்க இங்க எழுதுனா ஷாகிதா போன்ல வரும், என் போன்ல வரும், என் லேப்டாப்லயும் வரும். எல்லாம் ஒரே சிலேட்டுதான். யாரு தொறந்து வெச்சிகினு கீறாங்களோ அவங்க பேருகிட்ட பச்சப் புள்ளி எரியும். என் பேருல பச்ச இருந்தா நான் பாத்துகினு கீறேன்னு அர்த்தம், இன்னா?"

நஜீர் தலையாட்டினார். அவன் சொன்னதில் மற்றதெல்லாம் அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, கடைசி வாக்கியம் மட்டும் நெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவர் வீட்டில் பேசியதெல்லாம் அந்தச் சிலேட்டில்தான். தண்ணி. முதுகு சொறி. ஃபேனைக் குறை. ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்துவார். ஷாகிதா அடுப்படியில் இருந்தாலும் போன் டிங்கென்று அடிக்கும், ஓடி வருவாள். ஆனால் பச்சைப் புள்ளி எரியும்போது அவர் வேறு ஆளாகிவிடுவார். கட்டில் கம்பியில் தொங்கும் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து, நேராக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, தலையணையில் சாய்ந்து உட்காருவார். பிள்ளை எதிரில் வந்து நிற்பதாக எண்ணம். பிறகு எழுதுவார்.

காலித் சாப்ட்டியா.

வேல முடிஞ்சா வா.

நாளிக்கு வந்தாலும் சரி.

புள்ளி எரியும், பதில் வராது. டேபையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, ஷாகிதா பார்க்கிறாள் என்று தெரிந்ததும், 'பிசி போல' என்று அவளுக்கு எழுதிக் காட்டிவிட்டுத் தொப்பியைக் கழற்றி மாட்டுவார். அந்தத் தொப்பியை அவர் கழற்றும்போதெல்லாம் ஷாகிதாவுக்கு வயிறு எரியும். வராமல் இருப்பது ஒன்று. பார்த்துக்கொண்டே வராமல் இருப்பது வேறு. முன்னதைப் பொறுத்துக்கொள்ளலாம், பின்னதை அவள் பொறுப்பதாக இல்லை.

ஒருநாள் நடுப்பகலில் அத்தாவுக்குக் கஞ்சி புரையேறிக் கண் சொருகிவிட்டது. காலித்துக்கு ராத்திரி வேலை, வீட்டிலிருந்தே பார்ப்பான். பகலில் தூங்குகிறவன், யார் கூப்பிட்டாலும் போன் அடிக்காதபடி வைத்திருப்பான். ஷாகிதாவின் நம்பர் மட்டும் அடிக்கும். அவசரத்துக்கு என்று அவனே அப்படி வைத்திருந்தான். அன்றைக்கு அவள் கூப்பிட்டாள். அவன் எடுப்பதற்குள் அத்தாவுக்கு மூச்சு திரும்பிவிட்டது.

"இதுக்கா எழுப்புன? ராத்திரி பூரா முழிச்சி வேல செய்றேன்டி. சிலேட்டுல போடு, எழுந்து பாத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

அந்த நேரத்திலும் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டுதான் இருந்தது. தூங்குகிறவன் பெயர் எப்படி எரியும்? பொய்யிலேயே கேவலமான பொய் என்று நினைத்தாள். 'சிலேட்டுல போடு' என்பதை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டாள். அவிழ்க்க ஒருநாள் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

இன்றைக்கு வந்துவிட்டது. காலையில் டீயை ஸ்பூனில் எடுத்து உதட்டருகே கொண்டுபோனாள். அத்தா வாய் திறக்கவில்லை. கூப்பிட்டுப் பார்த்தாள், கன்னத்தைத் தட்டிப் பார்த்தாள். அவ்வளவுதான். அழுது முடித்ததும் அவள் முதலில் செய்த காரியம் போனை எடுத்து, சிலேட்டைத் திறந்து, 'அத்தா மவுத்தாயிட்டாங்க' என்று எழுதியதுதான். காலித்தின் நம்பரை அவள் தொடவில்லை.

சொன்னபடி செய்தாயிற்று.

*

"எடுக்கவே மாட்றான்டி," என்று ஃபக்ருன்னிசா மாமி போனைக் காதிலிருந்து எடுத்தாள். நஜீரின் தங்கை அவள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது. "ரிங் போய்கினே கீது. சபீனாவும் எடுக்கல."

"அண்ணி ஸ்கூல்ல கீறாங்க மாமி. கிளாஸுக்கு போன் எடுத்துகினு போவ வுடமாட்டாங்க."

"உங்க அண்ணனுக்கு நீ சொன்னியா இல்லியா?"

"சொல்லிட்டேன்."

பொய் இல்லை. அவள் கணவன் வசீம் மட்டும் திரும்பி அவளைப் பார்த்தான். திருமழிசையில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறவன், அதிகம் பேசமாட்டான். அவளைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக்கொண்டு போனான்.

"உன் நம்பர்லேந்து போட்டியா?"

"சிலேட்டுல போட்டேன்."

"ஷாகிதா, இது அதுக்கான நேரமா? ஒரு போன் போடு. எதாருந்தாலும் அப்பாலிக்கா பாத்துக்கலாம்."

"அவன்தான் போன் பண்ணாதன்னு சொன்னான்."

"சரி, நீ போடாத. நான் பைக்ல போயி கூட்டிகினு வரேன். பத்து நிமிஷம்." பைக் சாவி கையில் இருந்தது.

ஷாகிதா டேபை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவள் எழுதிய வரி கடைசியில் இருந்தது. மேலே மூலையில் பச்சைப் புள்ளி எரிந்தது.

"பாருங்க. நல்லா பாருங்க. நான் எழுதுனப்பவும் எரிஞ்சிது, இப்பவும் எரியுது. அத்தா போயிட்டாங்கன்றத தொறந்து வெச்சிகினு உக்காந்துகினு கீறான். அவன நீங்க போயி வெத்தல பாக்கு வெச்சி அழைக்கணுமா?"

வசீம் புள்ளியையே பார்த்தான். பிறகு சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "மனுசனா இவன்," என்றான்.

அவன் சாவியைப் பையில் போட்டபோது ஷாகிதாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அத்தா செத்துக் கிடக்கும் வீட்டில் இப்படி ஒரு குளிர்ச்சியா என்று தோன்றத்தான் செய்தது. தோன்றினால் தோன்றட்டும் என்று விட்டுவிட்டாள்.

குளிப்பாட்டி, வெள்ளைத் துணியில் கஃபனிட்டுக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார்கள். அத்தர் வாசனை வாசல்வரை வந்தது. ஜமாத் தலைவர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டார்.

"மத்தியானம் லுஹர் தொழுகைக்கு எடுக்கறதா, சாயங்காலம் அஸருக்கா? மவன் வரணும்னா அஸர் வரைக்கும் வெச்சிருக்கலாம். மவன் நின்னு தொழ வெக்கறதுதான் மொற."

எல்லாரும் ஷாகிதாவைப் பார்த்தார்கள். அஸர் வரைக்கும் வைத்தால் போதும், அவன் எப்படியும் எழுந்து, அல்லது ஊர் வாய்க்குப் பயந்து, வந்துவிடுவான். வந்து முகத்தைப் பார்த்து, நாலு பேர் முன்னால் அழுது, சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுத்து, முன்வரிசையில் நின்று தொழுதுவிட்டு, பாசக்காரப் பிள்ளை என்று பெயர் வாங்கிக்கொண்டு போவான். அத்தாவுக்குக் கொடுக்காத முகத்தை ஜமாத்துக்குக் கொடுப்பான். அதற்கு அவள் விடமாட்டாள். கடைசி முகம் பார்க்கவில்லையே என்பது சாகும்வரை அவன் தொண்டையில் முள்ளாக நிற்கட்டும்.

"அவனுக்குத் தெரியும். பாத்துட்டான், வரல," என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "லுஹருக்கே எடுத்துடுங்க."

"அடியே, ஒத்தப் புள்ளடி அவன்," என்று மாமி அவள் கையைப் பிடித்தாள். "ரெண்டு மணி நேரம் பொறுத்தா குடியா முழுகிடும்?"

"எங்க அத்தா ரெண்டு வருசம் பொறுத்தாரு மாமி."

தலைவர் தலையாட்டினார். வசீமும் தலையாட்டினான். முகம் பார்ப்பவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் தலைவர். ஷாகிதா கடைசி ஆளாகப் போய் நின்றாள். அவர் தலையில் தொப்பி இல்லாதது அவளுக்கு என்னவோபோல இருந்தது. கஃபனின் ஓரத்தை நெற்றிவரை இழுத்துச் சரிசெய்தாள்.

சந்தூக்கைத் தூக்கியபோது பெண்கள் கதறினார்கள். மாமியைப் பிடிக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. கலிமாச் சத்தம் தெரு திரும்பி மெல்ல மெல்லக் குறைந்தது. ஷாகிதா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் இல்லாத அந்த ஊர்வலத்தைக் கடைசி ஆள் மறையும்வரை பார்த்தாள்.

*

அடக்கம் செய்துவிட்டு வந்தவர்கள் கால் கழுவிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. காலித் இறங்கினான். அரைக்கால் சட்டை, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்ட டீ-ஷர்ட். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. ஆட்டோக்காரன் காசு கேட்டது அவன் காதில் விழவில்லை. வசீம் போய்க் கொடுத்தான்.

நேராகக் கூடத்துக்கு வந்தவன் கட்டிலைப் பார்த்தான். மெத்தையை எடுத்துவிட்டிருந்தார்கள்.

"எங்கடி?"

மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஷாகிதா, அத்தா எங்கடி?"

"லுஹருக்கே எடுத்தாச்சி," என்றாள். இந்த வாக்கியத்தை அவள் எப்போதிலிருந்தோ மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். சொல்லும்போது நினைத்த ருசி இருந்தது.

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "எனக்கு ஏன்டி சொல்லல?"

"சிலேட்டுல போடுன்னு சொன்ன. போட்டேன்."

"நான் தூங்கிகினு இருந்தேன்டி! இப்பதான் எழுந்தேன். மாமி மிஸ்டு கால பாத்துட்டு அப்படியே ஓடியாரேன்."

"பொய் சொல்லாத." இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது குரலில் ஏறிவிட்டது. "பச்சப் புள்ளி எரிஞ்சிதுடா! காலைலேந்து எரியுது. டெய்லியும் எரிஞ்சிது. அத்தா வா வான்னு எழுதுனப்பல்லாம் எரிஞ்சிது. நீ பாக்கறன்னு அவரு தொப்பி எடுத்துப் போட்டுகினு உக்காருவாருடா. பாத்துகினே வராம இருந்தியே, நீயெல்லாம்..."

காலித் அவளை விழித்துப் பார்த்தான். அவள் என்ன சொல்கிறாள் என்று புரியாமல் முதலில் தலையை ஆட்டினான். பிறகு புரிந்தது. புரிந்தது எல்லாருக்கும் தெரியும்படி முகம் வெளிறிப்போனது.

"அது நான் இல்லடி. லேப்டாப்பு."

"இன்னாது?"

"சிலேட்ட அதுல ஓரமா தொறந்து வுட்டிருக்கேன். நான் அத மூடறதே இல்ல. ஸ்கிரீன் அணைஞ்சா நான் சீட்ல இல்லன்னு ஆபீஸ்ல காட்டும். அதுக்கோசரம் அது தூங்காத மாதிரி செட் பண்ணி வெச்சிருக்கேன். நான் உள்ள படுத்துருப்பேன், அது பாட்டுக்கு டேபிள் மேல..."

"அத்தா எழுதுனதெல்லாம்?"

"மருந்து, ஆஸ்பத்திரின்னு நீ எழுதுனது எதுனா இருந்தா பாப்பேன். மத்தத... ஞாயித்துக்கெழம போறப்ப பேசிக்கலாம்னு..." அவன் எந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்ததில்லை. அது அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும், நிறுத்திக்கொண்டான்.

காலித் மூக்கை டீ-ஷர்ட்டில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். திட்டுவதற்குக்கூட அவனிடம் தெம்பு இல்லை. கேள்வியைச் சின்னப் பிள்ளைபோலக் கேட்டான்.

"உன் நம்பர் மட்டும் அடிக்கும்னு உனக்குத் தெரியும் இல்ல? அன்னிக்கு திட்டுனப்பறமும் அத நான் மாத்தல. எதுனான்னா ஷாகிதா கூப்புடுவான்னுதான்டி தெனமும் தூங்குவேன். நீ ஏன் கூப்புடல?"

மாமி மெதுவாகத் திரும்பி ஷாகிதாவைப் பார்த்தாள். வசீம் பார்க்கவில்லை. அவன் கை சட்டைப் பைக்குப் போய், சாவியைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

சொல்வதற்கு ஷாகிதாவிடம் நிறைய இருந்தது. அவன் செய்ததில் எதுவும் இல்லையென்று ஆகிவிடவில்லை. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவள் உள்ளே போய் டேபை எடுத்து வந்து அவன் மடியில் வைத்தாள்.

"முதல்லேந்து படி," என்றாள்.

அவன் வெறும் கட்டிலின் விளிம்பில் ஏறி உட்கார்ந்து, விரலால் தள்ளித் தள்ளி மேலே போனான். எங்கேயோ ஓரிடத்தில் விரல் நின்றது. தோள் குலுங்கியது. காட்டுப்பாக்கத்தில் பூட்டிய வீட்டுக்குள் லேப்டாப் இன்னும் தூங்காமல் விழித்துக்கொண்டிருந்தது போலிருக்கிறது. அவன் கையிலிருந்த திரையின் மூலையில், அவன் பெயருக்குப் பக்கத்தில், பச்சைப் புள்ளி எரிந்துகொண்டே இருந்தது.

ஷாகிதா கட்டில் கம்பியில் தொங்கிய தொப்பியை எடுத்தாள். சுருக்கத்தை நீவி, நேராக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, திரும்ப அங்கேயே மாட்டினாள்.