வண்டியோடு வந்தவர்

மாலை மூன்று நாற்பதுக்கு அதிகாரி அவள் அப்பாவின் கடவுச்சீட்டை மூன்றாம் முறையாகப் புரட்டினார். ஐந்து மணிக்கு எல்லைப் பாலத்தை மூடிவிடுவார்கள்.

“இறப்புச் சான்றிதழ் சரி. சவப்பெட்டி கொண்டுபோற அனுமதி சரி. வேன் பேப்பரும் சரி. ஆனா இவரு வண்டியோட உள்ள வந்திருக்காரு.”

“ஆமா சார்.”

“வண்டியோட வந்தவரு வண்டியோடதான் போகணும். இல்லேன்னா கம்ப்யூட்டர் விடாது.”

“அவர் செத்துட்டார் சார்” என்றாள் அவள்.

“எனக்குத் தெரியுதும்மா. அதுக்குத் தெரியணுமே.”

அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். அப்பாவை ஏற்றிய வேன் மழையில் நின்றிருந்தது. பின்கதவு இடுக்கிலிருந்து ஐஸ் உருகி ஒழுகியது. எது ஐஸ், எது மழை என்று தெரியவில்லை.

“நாளைக்குப் பாத்துக்கலாமா சார்?” என்று கேட்டார் அவளோடு வந்திருந்த மெக்கானிக்.

“நாளைக்குத் திறப்பாங்களானு ஆத்தைத்தான் கேக்கணும். காலையிலேர்ந்து ஏறிக்கிட்டே இருக்கு.”

அப்பாவின் மோட்டார் சைக்கிளை, அவர் இறந்த விடுதியிலேயே அவள் விட்டுவிட்டு வந்திருந்தாள். விடுதிக்காரர் சாவியை நீட்டியபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இங்கேயே கிடந்து துருப்பிடிக்கட்டும் என்றாள். சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டது மெக்கானிக்தான். இப்போது அவர் எழுந்து ஆட்டோ பிடித்து விடுதிக்குப் போனார்.

பெஞ்சில் உட்கார்ந்து அப்பாவின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்தாள். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. வண்டிப் பதிவு, காப்பீடு, நான்கு எல்லைகளின் முத்திரைத் தாள்கள், காகிதத்தில் சுற்றிய இரண்டு பியூஸ். கடைசித் தாளில் ‘அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்’ என்ற இடத்தில் மெக்கானிக்கின் எண் இருந்தது. ‘உறவு’ என்ற இடத்தில் ‘மெக்கானிக்’ என்று அப்பா எழுதியிருந்தார். திருத்தமான கையெழுத்து.

அப்பா சிமெண்ட் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்தவர். மழைக்காலத்தில் கட்டட வேலை நிற்கும், கிடங்கு தூங்கும், அப்பா கிளம்பிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகும் அது நிற்கவில்லை. மழையில் எல்லைகளில் லாரி வரிசை இருக்காது, ரோடு முழுக்க நமக்குத்தான் என்பார். “மழை வந்தா ஊரே குடையைத் தேடும். இந்த மனுஷன் சாவியைத் தேடுவார்” என்பாள் அம்மா. அதைச் சிரித்துக்கொண்டு சொன்ன காலமும் இருந்தது.

அம்மா இறந்ததும் மழைக்காலத்தில்தான். இரண்டு வருடம் ஆகிறது. வந்தவர்கள் ஒவ்வொருவரும் குடையை மடக்கியபடியே, “அப்பா எங்க?” என்று கேட்டார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் என்றாள். நாற்பது பேருக்கு மேல் சொன்னாள். பிறகு வந்தவர்களுக்குக் கேட்பதற்கு முன்பே சொன்னாள். எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் அப்பா வந்தார். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். “பாலத்தை மூடிட்டாங்க” என்றார். அதன் பிறகு அவள் அவரிடம் எதையும் கேட்டதில்லை.

நான்கு பத்துக்கு வண்டிச் சத்தம் கேட்டது. மெக்கானிக் நனைந்துபோய் உள்ளே வந்தார்.

“யாரு ஓட்டிட்டுப் போறது?” என்றார் அதிகாரி.

“நான்தான் சார்.”

“நீங்க அவருக்கு என்ன வேணும்?”

“மெக்கானிக்.”

“ரத்த சொந்தம் ஓட்டணும்.” அதிகாரி பேனாவால் அவளைக் காட்டினார். “இவங்களுக்கு லைசென்ஸ் இருக்கா?”

இல்லை என்று சொல்ல அவள் வாயெடுத்தாள்.

“இருக்கு சார்” என்றார் மெக்கானிக். “பத்து வருஷமா கியர் வண்டி ஓட்டுது.”

“உங்களுக்கு யார் சொன்னது?” என்று அவர் பக்கம் திரும்பினாள்.

“அவருதான்.”

அவள் கையெழுத்துப் போட்டாள். கையெழுத்து கோணலாக விழுந்தது.

வெளியே மெக்கானிக் தன் சட்டை நுனியால் சீட்டைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க நனைந்தது.

“அவசரத்துக்கு என் நம்பர் ஏன் இல்ல அண்ணே?”

அவர் குனிந்து சங்கிலியைப் பார்த்தார். “பொண்ணு நம்பரை எழுதுங்கனு சொன்னேம்மா. நடுரோட்ல வண்டி நின்னா அவ வந்து என்ன பண்ணுவானு கேட்டாரு.”

“சரியாத்தான் கேட்டிருக்கார்.”

அவர் வண்டியின் பக்கப் பெட்டியைத் திறந்து அப்பாவின் மழைக்கோட்டை எடுத்தார். அதோடு மழைப்பேண்ட்டும் வந்தது. அதில் ஒரு காலைத்தான் அப்பா மாட்டியிருந்தார். இன்னொரு காலுக்குக் குனிந்தவர் நிமிரவில்லை என்று விடுதிக்காரர் சொல்லியிருந்தார்.

“போட்டுக்க.”

“வேணாம்.”

“நனைஞ்சுடுவே.”

“நனையறேன்.”

மெக்கானிக் அதை மறுபடி மடித்து வைத்தார். “கிளட்ச் கொஞ்சம் இறுக்கம். மூணாவது கியர் சொன்ன பேச்சுக் கேக்காது. அதட்டிப் போடணும்.”

“யாரைச் சொல்றீங்க?”

அவர் சிரிக்கவில்லை. “நேரமாச்சும்மா.”

“பெட்டி பக்கத்துல யாராவது உக்காரணுமே.”

“நான் உக்கார்றேன்.”

அவர் வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். அப்பா மெக்கானிக்கிடம் போனார். வண்டி அவளிடம் வந்தது.

ஹெல்மெட் இல்லாமல் விடமாட்டேன் என்றார் தடுப்புக் கம்பியைத் தூக்குபவர். அப்பாவுடையதை மாட்டினாள். அளவு சரியாக இருந்தது. சீட்டில் உட்கார்ந்தபோது இரண்டு காலும் தரையில் பதிந்தன. அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

முதல் உதையிலேயே வண்டி கிளம்பியது.

வேன் முன்னால் போக, அவள் பின்னால் போனாள். பாலத்தின் கீழே ஆறு பழுப்பாக, ஒரு மரத்தை வேரோடு இழுத்துக்கொண்டு போனது. மூன்றாவது கியர் விழவில்லை. “விழுந்து தொலை” என்றாள். ஹெல்மெட்டுக்குள் அவள் குரல் அவளுக்கே கேட்டது. மறுபடி மிதித்தாள். விழுந்தது. அவ்வளவுதான், அதன் பிறகு வண்டி எந்தத் தொந்தரவும் தரவில்லை. நடுவழியில் நின்றிருந்தால் தேவலை என்று நினைத்தாள்.

பாலம் தாண்டி, தங்கள் நாட்டுப் பக்கம் வேனுக்கு ஒரு வரிசை, இரு சக்கர வண்டிக்கு ஒரு வரிசை. வேன் இடது பக்கம் ஒதுங்கி நின்றது. கண்ணாடி வழியே மெக்கானிக்கின் முதுகு தெரிந்தது. பெட்டியின் பக்கம் சாய்ந்திருந்தார்.

இரு சக்கர வண்டிக்கான கூண்டில் ஒரே ஒரு ஆள். கழுத்தில் துண்டு. அவள் கொடுத்த தாளை டார்ச் வெளிச்சத்தில் படித்தார். வெளியே வந்து வண்டியின் சேசிஸ் எண்ணை விரலால் துடைத்து, தாளோடு ஒத்துப் பார்த்தார். திரும்பிப் போய் உட்கார்ந்தார். முத்திரை குத்தினார். அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அங்கே ‘கொண்டு செல்பவர்’ என்ற இடத்தில் அதே திருத்தமான கையெழுத்தில் அப்பாவின் பெயர்.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் கவுண்டர் பலகையில் சொட்டியது. அவர் தாளைச் சற்று உள்ளே இழுத்துக்கொண்டார்.

“வண்டி வந்துடுச்சு” என்றார், தலை நிமிராமல். “கொண்டு போனவர் எங்க?”