மிரியத்தின் இடது கை

படம் கார்ட்டூன்தான். ஆனால் பிறேமினிக்கு முன்னால் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுத் தப்ப முடியாது. "அனிமேஷன்" என்று திருத்துவாள். திருத்திவிட்டு முகத்தையும் தூக்கி வைத்துக்கொள்வாள். டொக்டருக்குப் படிக்காமல் படம் கீறப் போனவள் என்று சொந்தக்காரர் பேசிய பேச்செல்லாம் அவளுக்குள் இன்னும் புளித்துக்கொண்டு கிடந்தது. அதனால் இந்தப் படத்தில் தன் கை தெரியவேண்டும் என்று அவளுக்கு ஒரு வெறி.

மிரியம் என்ற யூதச் சிறுமியின் கதை அது. போர்க்காலத்தில் பிரசல்ஸ் நகரில், ஒரு தையற்கடையின் படிக்கட்டுக்குக் கீழே ஒளிந்து வாழ்ந்தவள். ஜெர்மன் படையினர் தலைக்கு மேலே படியேறிப் போகிறார்கள். கீழே இருட்டில் மிரியம் மூச்சடக்கிக்கொண்டு இருக்கிறாள். அந்தக் காட்சி பிறேமினியின் பொறுப்பு. யாரையாவது நடிக்க வைத்துப் போனில் எடுத்து, அதைப் பார்த்து அசைவை வரைவது அந்தத் தொழிலில் வழக்கம். பிறேமினி தானே நடித்து எடுத்துக் காட்டினாள்.

"இவள் பஸ்ஸுக்கு அல்லவா காத்திருக்கிறாள்?" என்றாள் இயக்குநர் டெபோரா.

அன்று வீடு திரும்பும்போதே பிறேமினி ஹம்சாவை நினைத்துக்கொண்டுதான் வந்தாள். தற்செயலாகத் தோன்றியது என்று சொன்னால் கதை பொய்யாகிவிடும்.

ஹம்சா, பிறேமினியின் கணவன் ஷானுக்குச் சித்தி மகள். வன்னியில் கடைசி யுத்தத்தின்போது பதுங்குகுழியில், பங்கருக்குள் கிடந்தவள். அப்போது அவளுக்கு மிரியத்தின் வயது. சின்னத் தம்பி ஒருவன் அங்கேயே செத்துப்போனான். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. இப்போது விசாக் கேஸ் முடியும்வரை ரெய்னர்ஸ் லேனில் இவர்களுடைய வீட்டின் சின்ன அறையில் இருக்கிறாள். சமையலும் துடைப்பும் அவள்தான். செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை; செய்யவேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

"ஹம்சா, எனக்கொரு உதவி செய்வீரோ? படிக்குக் கீழ சாமான் வைக்கிற கபேட்டுக்குள்ள கொஞ்ச நேரம் இருக்கவேணும். ஒரு பிள்ளை ஒளிச்சிருக்கிற மாதிரி. நான் போன்ல எடுப்பன்."

"அதுக்கென்ன மச்சாள், இருக்கிறன்."

ஹம்சாவிடம் சொல்லாத ஒன்று இருந்தது. ஷானுக்கு ரயில் பாதைகளில் வேலை. காலில் இரும்பு மூக்கு வைத்த சப்பாத்து. நான் கை காட்டியதும் அந்தச் சப்பாத்தோடு படியேறுங்கள் என்று பிறேமினி அவனிடம் சொல்லி வைத்திருந்தாள்.

"அவளுக்குச் சொன்னனீரோ?" என்று ஷான் கேட்டான்.

"சொன்னா நடிப்பாப் போயிடும்."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு போய்ப் படியடியில் நின்றான்.

தூசி உறிஞ்சும் ஹூவரையும் அரிசி மூட்டையையும் ஒதுக்கிவிட்டு ஹம்சா உள்ளே குந்தினாள். கூச்சத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். முதல் படியில் சப்பாத்து விழுந்ததும் சிரிப்பு நின்றது. அவள் காதைப் பொத்தவில்லை, கண்ணை மூடவில்லை. வாயை மெல்லத் திறந்து வைத்துக்கொண்டாள். இடது கை பக்கத்திலிருந்த வெறும் இடத்துக்குப் போனது. ஒரு சின்னப் பிள்ளையின் தலை இருக்கக்கூடிய உயரத்தில் நின்று, இல்லாத அந்தத் தலையைத் தன் விலாவோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டது.

நெஞ்சில் ஈரமுள்ள எவரும் அந்த இடத்தில் போனைக் கீழே வைத்திருப்பார்கள். பிறேமினி வைக்கவில்லை. இன்னொரு தடவை ஏறச் சொல்லி ஷானுக்குக் கை காட்டினாள்.

வெளியே வந்த ஹம்சா சட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினாள்.

"எடுத்தது காணுமே மச்சாள், இன்னும் வேணுமே?"

"காணும்."

"அப்ப தேத்தண்ணி போடட்டே?"

வரைந்த காட்சியைப் பார்த்த டெபோரா கதிரையை விட்டு எழுந்துவிட்டாள். மிரியத்தின் தம்பியை வேறொரு வீட்டில் ஒளித்து வைத்திருப்பதாகக் கதையில் வருகிறது. "தம்பியைத் தேடுகிறது இந்தக் கை! இது உனக்கு எப்படித் தோன்றியது?"

"சும்மா, யோசிக்கும்போது வந்தது" என்றாள் பிறேமினி.

எல்லோரும் கைதட்டினார்கள். அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஹம்சா சோறு போட்டுத் தரும்போது அந்தக் கையைப் பார்க்க முடியாமல் சோற்றுக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை குசினி மேசையில் லப்டொப்பைத் திறந்து வைத்தாள்.

"இது உம்மட கை, ஹம்சா. உம்மட்டக் கேக்காமல் எடுத்திட்டன். சப்பாத்துச் சத்தமும் நான்தான் செய்விச்சனான். பிழைதான். மன்னிச்சுக்கொள்ளும்."

ஹம்சா பார்த்தாள். "இன்னொருக்காப் போடுங்கோ" என்றாள். பிறகும் ஒருமுறை போடச் சொன்னாள். அவள் முகத்தில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"விருப்பமில்லையெண்டா சொல்லும். படத்தில இருந்து எடுத்துவிடுறன்."

"நான் என்னத்தைச் சொல்லுறது மச்சாள்? உங்கட வீட்டிலயெல்லே இருக்கிறன்."

சொல்லிவிட்டு ஹம்சா கோப்பை கழுவப் போய்விட்டாள்.

பிறேமினிக்கு நெருப்பைத் தொட்டதுபோல இருந்தது. அப்படியென்றால், கபேட்டுக்குள் இருக்கிறீரோ என்று கேட்டபோது அவள் சொன்ன "அதுக்கென்ன" வேறு என்ன? மாட்டேன் என்று சொல்ல வழியில்லாதவளிடம் கேட்டுவிட்டு, சம்மதம் வாங்கியதாக நினைத்திருக்கிறேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இனி அவளிடம் எதையும் கேட்கக்கூடாது, நானே செய்து முடிக்கவேண்டும் என்று முடிவு கட்டினாள்.

மறுநாள் டெபோராவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"கையை நீக்கச் சொல்லி அவள் கேட்டாளா?"

"அவளால் கேட்க முடியாது."

"கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமே."

பிறேமினி ஒற்றைக் காலில் நின்றாள். கடைசியில் டெபோரா சலித்துப்போய், "அப்படியென்றால் இன்றைக்கே மாற்று. நாளைக்கு இது அடுத்த பிரிவுக்குப் போகிறது. பிறகு தொட முடியாது" என்றாள். பின்னேரத்துக்குள் மிரியம் இரண்டு கைகளாலும் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். பார்க்கக் குறையொன்றும் இல்லை. பழைய கோப்புகளையும் போனில் இருந்த வீடியோவையும் பிறேமினி ஒன்றும் மிச்சம் வைக்காமல் அழித்தாள். ரயிலில் வரும்போது பல நாட்களுக்குப் பிறகு பசித்தது. உண்மையைச் சொன்னால், தன்னைப் பற்றிக் கொஞ்சம் நல்லவிதமாகவே நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குள் வந்ததும் நேரே குசினிக்குப் போனாள். ஹம்சா கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஹம்சா, அந்தக் கையை எடுத்துப்போட்டன். போன்ல இருந்ததையும் அழிச்சிட்டன். இனி ஒருத்தரும் பாக்கமாட்டினம்."

கத்தி நின்றது. "முழுக்கவோ?"

"ஓம், முழுக்க."

"திருப்பி எடுக்க ஏலாதோ?"

"ஏலாது. ஏன்?"

ஹம்சா வெட்டிய லீக்ஸை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். குரலில் கோபமே இல்லை.

"தம்பியின்ர படம் எங்களிட்ட ஒண்டும் இல்லை மச்சாள். யுத்தத்தில ஓடேக்க எல்லாம் விடுபட்டுப் போச்சு. நீங்கள் காட்டினதில அவன் எனக்குப் பக்கத்தில இருந்தவன். ஊரில அம்மாவுக்கு அனுப்ப அதைத் தருவியளோ எண்டு, இண்டைக்கு உங்களிட்டக் கேக்க இருந்தனான்."

பிறேமினி இன்னும் கோட்டைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.