கட்டுப்பல் கொம்பு

பல் செட் செய்கிறவரின் மைத்துனன் பஸ் ஓட்டுகிறவன். ஓய்வு நாளில் கல் குவாரியே கதி. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்திய கடல் பூச்சி, சுருள் நத்தை என்று கல்லுக்குள் எது உறைந்திருந்தாலும் மாமாவிடம் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான். கட்டுப்பல்லை இழைக்கும் குட்டி மிஷினால் அவர் மேல்கல்லைச் சுரண்டிக் கொடுப்பார். அவன் வீட்டு ஹாலில் கண்ணாடி அலமாரி, அதற்கு விளக்கு, கல்லுக்குக் கல் பெயர்ச்சீட்டு. அவனை உருப்படாதவன் என்று சொல்லாத சொந்தமில்லை; மாமாவும் சேர்த்திதான்.

போன வருஷம் டிரைலோபைட் என்கிற கடல் பூச்சி ஒன்றைக் கொண்டுவந்தான். தலையில் இரண்டு கொம்பு. சுரண்டும்போது இடது கொம்பு தெறித்து எங்கோ போனது. தரையைப் பெருக்கிச் சலித்தும் கிடைக்கவில்லை. இவனுக்கென்ன தெரியப்போகிறது என்று கட்டுப்பல் செய்யும் பிளாஸ்டிக் பவுடரில் ஒரு கொம்பு செய்து, சாயம் பூசி ஒட்டிவிட்டார். கொஞ்சம் நீளமாகிவிட்டது.

அந்த நீளம்தான் வினையானது. மைத்துனன் அனுப்பிய போட்டோவைப் பார்த்த தொல்லுயிர்ப் பேராசிரியை ஒருவர், ஒரு கொம்பு நீண்ட இனத்தை இதுவரை கண்டதில்லை, புது இனமென்றால் கண்டெடுத்தவர் பெயரையே வைக்கலாம் என்று எழுதிவிட்டார். இன்று நேரில் வருகிறார்.

மாமா போனபோது மைத்துனன் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு அலமாரிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"மாமா, எம்பேரு புஸ்தகத்துல வரப்போகுது. நம்ப முடியுதா?"

அவர் அவனை நிறுத்தினார்.

"மாப்ள... அந்த நீளக் கொம்பு நான் செஞ்சது. ஒடைச்சிட்டேன். சொல்லப் பயமா இருந்துச்சு."

அதுவும் பொய். பயமில்லை, இளக்காரம். அது தெரிந்ததால் அவருக்கே அவர்மேல் அருவருப்பாக இருந்தது.

அவன் துடைக்கிற துணியைக் கீழே வைத்தான். போனை எடுத்தான்.

"மேடம், வரவேண்டாம். அது ஒட்டுவேலை. தப்பு எங்க மேலதான், மன்னிச்சிடுங்க."

எங்க மேல என்றானே, அதுதான் அவரைக் கொன்றது.

"மத்த கல்லெல்லாம்?"

"சத்தியமா நிஜம், மாப்ள."

"சூடான ஊசி பட்டா பிளாஸ்டிக் உருகும்னு நீங்கதான சொன்னீங்க?"

ஊசியும் மெழுகுவர்த்தியும் கொண்டுவந்தான். அலமாரியைத் திறந்து முதல் கல்லை அவர் முன்னால் வைத்தான். அவர் சூடான ஊசியை வைத்துப் பார்த்தார். உருகவில்லை. இரண்டாவதும் உருகவில்லை. மொத்தம் முப்பத்தாறு கல். அவர் மறுபடி ஊசியை நெருப்பில் காட்டினார். அவர் முகத்தைப் பார்க்காமல் அவன் அடுத்த கல்லை எடுத்து வைத்தான்.