பதினாறு மணி நேரத்துத் தூரம்

அண்ணனிடம் எதற்கு வரச் சொன்னாலும் ஒரே பாட்டுதான். "பதினாறு மணி நேர ஃப்ளைட்டும்மா. எட்டாயிரம் மைல். நினைச்சா வந்துட முடியுமா?" அப்பாவின் முழங்கால் அறுவை சிகிச்சைக்கும் அதையே பாடினான். அடுத்த மாதம், அதைவிடத் தூரத்துத் தீவு ஒன்றில் குடும்பத்தோடு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சிரிக்கும் படத்தை அனுப்பினான்.

தங்கை பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். வெறும் வயிற்றோடு வந்தேன் என்று சத்தியம் செய்துவிட்டு, சட்டையில் ரொட்டித் தூளோடு கையை நீட்டுகிறவர்களைத் தினமும் பார்க்கிறவள். அண்ணன் எம்மாத்திரம்! விசாவுக்கு அலைந்தாள். அப்பா நன்றாக நடக்கத் தொடங்கியதும், அவரைக் கூட்டிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் விமானம் ஏறினாள்.

சாப்பாடு, ஒரு தூக்கம், ரெண்டு படம். ஊர் வந்துவிட்டது. 'இதற்கா இத்தனை வருஷமாக மூக்கால் அழுதான்?' என்று நினைத்துக்கொண்டே பெட்டிகளை இறக்கினாள்.

கதவைத் திறந்த அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. அவன் கண் முதலில் போனது அப்பாவின் காலுக்கல்ல, பெட்டிகளுக்கு.

"ஒரு வார்த்தை சொல்லிட்டு வரக் கூடாதா? எத்தனை நாள் இருப்பீங்க?"

"முதல்ல உள்ள விடுறா" என்றார் அப்பா.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அண்ணன் அப்பாவின் தோளில் கை போட்டுக்கொண்டான்.

"எங்கப்பா. இவ்வளவு தூரம் எப்படி வருவாருன்னு எல்லாரும் பயந்தாங்க. நான்தான் பிடிவாதமா டிக்கெட் போட்டு வரவழைச்சேன்."

அப்பா வாயைத் திறப்பார் என்று தங்கை காத்திருந்தாள். திறந்தார்.

"ஆமா, பையனுக்கு என் மேல உசிரு" என்றார் பூரித்துப் போய்.

மருத்துவமனையில் அவரைக் கழிப்பறைக்குத் தாங்கிப் பிடித்துப் போன தோள் அவளுக்குச் சுரீரென்று வலித்தது. பொய் சொன்னவனைவிட அதை வாங்கிக் குடித்தவர்மேல்தான் அருவருப்பு அதிகமாக வந்தது. அழத் தோன்றவில்லை.

ஒரு வாரம் கழித்துத் தன் பெட்டியை மட்டும் வாசலுக்குக் கொண்டுவந்தாள்.

"அப்பாவோட பெட்டி எங்க?" அண்ணன் பதறினான்.

"அவர் இருக்கட்டும். நீதானே வரவழைச்சே."

"விளையாடாத. அப்புறம் யாரு கொண்டுவந்து விடுறது?"

"நீதான். பதினாறு மணி நேரம்தானே?"

"எனக்கு ஆபீஸ் இருக்கு!"

"எனக்குப் பொழுது போகாமத்தான் ஊசியும் கையுமா நிக்கிறேன் பாரு."

அவன் அப்பாவைப் பார்த்தான். அவரோ சோபாவில் காலை நீட்டி, "நான் இருக்கேன்மா, பையன் பாத்துப்பான்" என்றார். அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம். உள்ளே அண்ணி எதையோ டமாலென்று வைக்கும் சத்தம் கேட்டது.

திரும்பும் விமானத்தில் அப்பாவுக்கு எடுத்திருந்த இருக்கை காலியாகவே இருந்தது. நடுக் கைப்பிடியை மேலே தூக்கிவிட்டு, இரண்டு இருக்கையிலும் காலை நீட்டிக்கொண்டாள். பணிப்பெண் சாப்பாட்டுக்கு எழுப்பியும் அவள் எழுந்திருக்கவில்லை.