கருங்குதிரைக்குப் பதினொரு நிமிடம்

பதினொரு நிமிடம், இருபது விநாடி. வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் லென்ஸுக்குச் சாயம் ஏற்றும்போது வைக்கிற டைமரை நிறுத்திவிட்டு அவள் தாளில் எழுதிக்கொண்டாள். அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டின் பாதாளக் கோட்டையை ஒரு சுற்று முடிக்க மந்திரக்காரிக்குப் பத்தொன்பது. வேட்டைக்காரி பதினேழு, அவளோடு வரும் நாய் மூலைக்கு மூலை மாட்டிக்கொண்டு உயிரை வாங்கும், அது வந்து சேரும்வரை காத்துக்கிடக்க வேண்டும். பதினொன்று உருமாறிக்கு; அது மட்டும்தான் வாசலில் நுழைந்ததும் சிறுத்தையாகி, ஓடுகிற ஓட்டத்திலேயே பூதங்களை அறைந்து, விழுந்ததை வாயில் கவ்விக்கொண்டு நிற்காமல் போகும். அடிபட்டவர்களுக்கு உயிர் ஊட்டுகிற ஹீலர் இருபத்தாறு. அதை எழுதும்போது அவளுக்கே எரிச்சல் வந்தது. எட்டு வருஷமாக அந்த விளையாட்டில் அந்த ஹீலர்தான் அவள்.

ஒரு காலத்தில் பத்து பேர் சேர்ந்து போய், பாதிப்பேர் செத்து விழுந்த டஞ்சன், அந்தப் பாதாளக் கோட்டை. இப்போது ஆட்கள் எல்லாரும் வளர்ந்துவிட்டார்கள், உள்ளே பூதங்கள் பழையபடியே நிற்கின்றன; ஹீலரைத் தவிர யார் தட்டினாலும் ஒரே அடியில் காலி. தனியாகப் போகிறவருக்கு அடிக்கிற கை முக்கியமே இல்லை, ஓடுகிற கால்தான் முக்கியம். இது அவளுடைய அண்ணன் மண்டையில் ஏறவே ஏறாது. லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவன், ஒரு நட்டைத் திருகினாலும் உலகத்தையே தூக்கி நிறுத்தினதாகச் சொல்லிக்கொள்ளும் ரகம்.

“மந்திரக்காரிய எடுடி. ஒரே வெடி, மொத்தமும் சாம்பல்.”

“வெடிக்கிறதுக்கு மூணு செகண்டு நிக்கணும்ணா.”

“அடேங்கப்பா! எனக்கே பாடம் எடுக்கிறாங்க.”

கம்ப்யூட்டர் அவனுடையது. அக்கவுண்ட் அவனுடையது. அவளுடைய பழைய கம்ப்யூட்டர் கெட்டுப்போனதும் ஹீலரையும் அவன் அக்கவுண்டுக்கு மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. அதை அவன் ஒரு நாளும் மறக்கவிட்டதில்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால், அந்தப் பத்து பேரில் இவர்கள் இரண்டு பேரும் இருந்தபோது, கடைசி அறையில் பூதங்களின் ராஜா விழுந்ததும் பெட்டியிலிருந்து கருங்குதிரை வந்தது. நூறு தடவைக்கு ஒரு தடவை வந்தால் பெரிய விஷயம். யாருக்குப் பெரிய எண்ணோ அவருக்குக் குதிரை என்று எல்லாரும் பகடை உருட்டினார்கள். அவளுக்குத் தொண்ணூற்றேழு, அண்ணனுக்கு நாற்பத்தொன்று. ஆனால் குழுவுக்குத் தலைவன் அவன். பொருளை எடுத்துக் கொடுக்கிற அதிகாரம் அவன் கையில். “ஹீலருக்கு எதுக்குக் குதிரை? பின்னாடி நின்னு எனக்கு உயிர் ஊத்துறதுதானே உன் வேலை?” என்று சொல்லித் தனக்கே போட்டுக்கொண்டான். மற்ற எட்டு பேரும் சிரித்தார்கள். அம்மாவிடம் போய்ச் சொன்னாள். “அவன் மூத்தவன், விட்டுக்குடு. பொம்மைக் குதிரைக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு” என்றாள் அம்மா. பிற்பாடு நின்றுபோன தன் கல்யாணத்தின் தேதிகூட அவளுக்கு மறந்துவிட்டது, அந்தத் தொண்ணூற்றேழு மறக்கவில்லை. அண்ணனை அவளுக்குப் பிடிக்காது. அவன் சாப்பாட்டை மெல்லுகிற சத்தம்கூடப் பிடிக்காத அளவுக்குப் பிடிக்காது.

போன வருஷக் கடைசியில், பழைய டஞ்சனை இழுத்து மூடப்போவதாக விளையாட்டுக் கம்பெனி நாள் குறித்து அறிவித்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அதன் வாசல் திறக்கும். விளையாட்டுக்குள் இருக்கிற ஒரு ஆளுக்கு ஒரு தடவை; ஒரு அக்கவுண்டில் பத்து ஆட்கள்வரை வைத்துக்கொள்ளலாம். அண்ணன் எட்டரைக்கு எழுந்து உட்கார்ந்தால் ராத்திரிவரை நாற்காலியை விடமாட்டான். அதனால் ஏழிலிருந்து எட்டரைவரை அவளுக்கு. ஒன்றரை மணி நேரத்தில் ஹீலர்களாக வைத்திருந்தால் மூன்று பேர். சிறுத்தை என்றால் நாலு ஓட்டிவிட்டு ஹீலரையும் ஓட்டலாம். குதிரைக்காக ஐந்து தடவை பெட்டியைத் திறக்கலாம். வாரநாட்களில் வேலைக்குக் கிளம்புமுன் கிடைத்த அரை மணி, முக்கால் மணியில் பல்லைக் கடித்துக்கொண்டு நாலு உருமாறிகளை நாலு மாதம் வளர்த்தாள்.

கடைசி ஞாயிறு ஏழு மணிக்குத் திரையைத் திறந்தால், வரிசையில் ஒரே ஒரு உருமாறி நின்றது. மற்ற மூன்று இடத்திலும் புதுசாக மூன்று மந்திரக்காரிகள், கோலும் கையுமாக. அழித்தால் அழித்ததுதான், அந்த விளையாட்டில் திரும்ப வராது. வரிசையை மேலிருந்து கீழாக இரண்டு தடவை எண்ணினாள். டைமரை வைத்துவிட்டு, இருந்த ஒன்றை ஓட்டினாள். பதினொரு நிமிடம், நாலு விநாடி. அவள் வாழ்க்கையிலேயே வேகமான ஓட்டம். பெட்டியில் ஒரு ஜோடி கையுறை இருந்தது.

வழக்கத்துக்கு மாறாக அன்றைக்கு அண்ணன் சீக்கிரமே எழுந்து, வாயில் பிரஷ்ஷோடு வந்து நின்றான்.

“என் சிறுத்தைங்க எங்க?”

“அதுவா? எல்லாம் ஒண்ணு மாதிரியே நின்னுச்சு. பத்து இடம்தான் இருக்கு, எனக்கு மூணு வேணும், தூக்கிட்டேன்.”

“நாலு மாசம் வளத்தேன்.”

“ஒண்ணு விட்டுவெச்சிருக்கேன்ல? அக்கவுண்ட் யாருது?”

“இன்னிக்குத்தான் கடைசி நாளு.”

“அதுக்கு?”

அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டான். அவள் திரையின் பக்கம் திரும்பினாள். ஹீலரை உள்ளே அனுப்பினாள்.

ஹீலர் நடந்தாள். ஒவ்வொரு பூதத்தையும் மூன்று நாலு தடவை தட்டவேண்டியிருந்தது. பின்னால் நின்று அண்ணன் “ஆமை” என்றான், “முடிக்கிறதுக்குள்ள கெழவியாயிடுவ” என்றான். கடைசி அறையில் ராஜா எழுந்து வழக்கமான பிரசங்கத்தை ஆரம்பித்தார். யார் போனாலும் அந்த இரண்டு நிமிடத்தைக் குறைக்க முடியாது, சிறுத்தைக்கும் இதே கதிதான். ‘வீரர்களே, உங்களில் யார் என் எதிரே நிற்பீர்கள்?’ என்று அவர் கேட்டபோது, அவ்வளவு பெரிய மண்டபத்தில் வெள்ளை அங்கியோடு அவள் ஒருத்திதான் நின்றுகொண்டிருந்தாள். முன்னால் யாரும் இல்லாமல் இந்த இடத்தை அவள் ஹீலராகப் பார்த்ததே இல்லை. ராஜா விழுந்தார். பெட்டியில் ஒரு பழைய போர்வை.

“உனக்கு ராசி இல்லடி” என்று சிரித்துக்கொண்டே அண்ணன் குளிக்கப் போனான்.

அவள் டஞ்சனிலிருந்து வெளியே வந்தாள். திரையில் அக்கவுண்டின் ஆட்கள் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். முதல் இடத்தில் அண்ணனுடைய வாள்வீரன், கருங்குதிரை மேல். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை அந்தக் குதிரை தலையைச் சிலுப்பி, முன்னங்காலைத் தூக்கி ஒரு தட்டு தட்டும். எட்டு வருஷமாகத் தட்டிக்கொண்டிருக்கிறது. நாளையிலிருந்து இதை யாரும் எங்கேயும் போய் வாங்க முடியாது. அவனாலும் முடியாது.

அழி என்ற பொத்தானை அழுத்தினாள். உறுதி என்றால் வீரனின் பெயரைத் தட்டச்சு செய்யவும் என்று கட்டம் கேட்டது. பேரரசன். பெயர் வைத்தவனுக்குக் கூச்சநாச்சமே இல்லை. பே, ர, ர, ச என்று ஒவ்வொன்றாக அடித்தாள்.

குளியலறைக் கதவு கொஞ்சமாகத் திறந்தது.

“ஏய், துண்டு மறந்துட்டேன். எடுத்துட்டு வாடி.”

“இதோ வர்றேன்ணா” என்றாள்.

மிச்சம் ஒரே எழுத்து. விரல் அதன்மேல் இருந்தது. திரையில் குதிரை தலையைச் சிலுப்பிக்கொண்டு முன்னங்காலைத் தூக்கியது.