இல்லாத பிரேக்

ஊருக்குள் 'பிரேக் வாத்தியார்' என்று சொன்னால்தான் அவரைத் தெரியும். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். பயிற்சிக் காரில் அவர் உட்காருகிற பக்கத்து சீட்டின் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவன் கோட்டை விட்டால் அவர் கால் காப்பாற்றும். ஆயுசு முழுக்க அந்தப் பிரேக்கின் மேலேயே காலை வைத்துக்கொண்டு வாழ்ந்த மனுஷன். பெருமைக்கும் குறைச்சல் இல்லை. "என் வண்டியில ஏறினவன் ஒருத்தன்கூட ஒரு பூனையை இடிச்சதில்ல" என்பார், யாராவது கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

அப்புறம் கண்ணில் வந்தது கேடு. கண் நரம்பில் அழுத்தம், ஓரப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டு வந்தது. போனது திரும்பாது, சொட்டு மருந்தை விடாமல் போட்டால் மிச்சம் இருப்பது இன்னும் சில காலம் நிற்கலாம் என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். அதோடு தொழிலும் போயிற்று. பயிற்சிக் காரை வாங்கியவன் ஓட்டிக்கொண்டு போனபோது வாத்தியார் வாசலுக்கே வரவில்லை. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வேறொரு கார் வந்தது. பழசு, சின்னது, நீல நிறம். ஓட்டுவது அவர் மனைவி. "வீட்டுக்கு ஒரு டிரைவர் போதும்" என்று அத்தனை வருஷம் அவளுக்குச் சொல்லித்தராத மகராசன்! அவள் ஒரு வார்த்தை மூச்சு விடாமல் அடுத்த தெரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து லைசென்ஸே வாங்கிவிட்டாள். போயும் போயும் போட்டிக்காரன் பள்ளியில்! அந்த வயிற்றெரிச்சல் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

அவளுக்கு ஆசை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. காலையில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஆற்றுப் பாலம் வரைக்கும் போக வேண்டும். வழியில் பேக்கரியில் சூடாக பன் வாங்கி, வண்டிக்குள்ளேயே தின்ன வேண்டும். பயிற்சிக் காரில் அவர் தண்ணீர் குடிக்கக்கூட விட்டதில்லை. அவர் கண்ணில் வெளிச்சம் இருக்கும்போதே இதையெல்லாம் அவரோடு சேர்ந்து பார்த்துவிட வேண்டும் என்று அவள் தவித்தாள்.

அவர் எங்கே பார்த்தார்? வண்டி நகர்ந்ததும் பார்வை முன்னால் போகிற லாரியின் டயரில் ஒட்டிக்கொள்ளும். "பிரேக்கு... பிரேக்கைப் போடு... ஐயோ, கிளட்ச்சு!" இந்தக் காரில் அந்தப் பக்கம் பிரேக் ஏது? வெறும் ரப்பர் விரிப்பைத்தான் மிதித்தார், அது குழி விழுகிற அளவுக்கு. பன் மடியிலேயே ஆறிப்போகும்.

அன்றைக்கு பன் வாங்கிக்கொண்டு கிளம்பியதும் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. அவள் பார்த்துவிட்டாள். பதறாமல் வேகத்தைக் குறைத்தாள். அதற்குள் அவர் விரிப்பை ஓங்கி மிதித்தார், வண்டி நிற்கவில்லையே என்று கையை நீட்டி ஸ்டியரிங்கைத் தன் பக்கம் இழுத்தும்விட்டார். அவள் கத்திக்கொண்டே பிரேக்கை அழுத்த, வண்டி நடைபாதைக் கல்லில் உரசி நின்றது.

"அங்க ஒரு குழந்தை நிக்குது! தெரியலையா உங்களுக்கு?"

"எங்க?"

தலையை முழுசாகத் திருப்பிய பிறகுதான் தெரிந்தது. பள்ளிக்கூடப் பை மாட்டிய ஒரு சிறுமி, அவர் கதவுக்குக் கைக்கெட்டும் தூரத்தில், சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. அவள் ஓடிப்போன பிறகும் அவர் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி கைபிரேக்கை இழுத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"இருக்கிற கொஞ்சநஞ்ச பார்வையையும் லாரி டயருக்கே செலவு பண்றீங்களே! அங்க என்ன இருக்கு பாக்கறதுக்கு? அதை நான் பாத்துக்க மாட்டேனா? அதுக்குத்தானே நாய் படாத பாடுபட்டு இந்த வயசுல கத்துக்கிட்டேன். உங்களை நாலு இடத்தைப் பாக்க வைக்கலாம்னுதான் கூட்டிட்டு வரேன். இனிமே இப்படிப் பண்ணா சத்தியமா ஏத்த மாட்டேன். நான் தனியா போய்க்கறேன்."

அவர் காலடியில் குழி விழுந்த விரிப்பைப் பார்த்தார். பிறகு மெல்ல, "பயமா இருக்குடி" என்றார்.

"நான் ஓட்டறதா?"

"சேச்சே, நீ நல்லாத்தான் ஓட்டற. பிரேக்குல இருந்து காலை எடுத்துட்டா... அப்புறம் நான் யாரு?"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே வண்டி ஓட்டக் கூடாது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டாள்.

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். இரண்டு காலையும் சீட்டின் மேலே தூக்கி, மடக்கி, சம்மணம் போட்டு உட்கார்ந்தார். லாரி ஒன்று முன்னால் வந்தபோது முழங்கால் துடித்தது. கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். முடிதிருத்தும் கடையின் சுழல் நாற்காலியில் நாய் ஒன்று தூங்கியது. ஒரு மாடியில் யாரோ போர்வைகளை உதறிக் காயப்போட்டார்கள். இதே தெருவில் எத்தனை ஆயிரம் தடவை போயிருப்பார்! பன்னைப் பிட்டு வாயில் போட்டார். இன்னும் சூடு இருந்தது.

பாலம் வந்தது. ஆற்றை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தலையை முழுசாக அவள் பக்கம் திருப்பினார். அப்படித் திருப்பினால்தான் இப்போது அவருக்கு அவள் தெரிவாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி, முழுக் கவனத்தோடு ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் மெதுவா போ" என்றார்.

"ஏன், மறுபடியும் பயமா?"

"இல்ல. பாத்துட்டிருக்கேன்."